பழைய மருந்தும் புதிய நோயும்

நுழையும் முன்

புதிய நோய் ஒன்று பரவும்போது அதற்குரிய புதிய மருந்து உடனே கிடைப்பதில்லை. ஆகவே, வேறு நோய்களுக்கென முன்பே உருவாக்கப்பட்ட மருந்துகளுள் ஏதேனும் ஒன்று பயன்படுமா என மருத்துவர்கள் தேடுகின்றனர். 2020ஆம் ஆண்டில் கொரோனா பெருந்தொற்றுப் பரவியபோது தில்லியிலும் உலகின் பிற நகரங்களிலும் இத்தேடல் நிகழ்ந்தது. எந்த மருந்து உயிரைக் காத்தது, எது காக்கவில்லை, அதனை அறிஞர்கள் எவ்வாறு அறிந்துகொண்டனர் என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

மருந்தில்லா நோய்

2020 மார்ச் 2ஆம் நாள் தில்லியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். அம்மாதம் முடியும் முன்னரே மெட்ரோ இரயில்கள் நின்றன, பள்ளிகள் மூடப்பட்டன, மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. நோயை உண்டாக்கிய வைரஸ், அதாவது தீநுண்மி, மனித இனத்துக்குப் புதியது. அதற்கென்று மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை.

புதிய மருந்து ஒன்றை உருவாக்குவது எளிய செயலன்று. முதலில் ஆய்வுக்கூடத்தில் பொருளைக் கண்டறிதல் வேண்டும். பின்னர் விலங்குகளிடம் சோதித்தல் வேண்டும். அதன்பின் சிலருக்கும், அதனையடுத்துப் பலருக்கும் கொடுத்துத் தீங்கு உண்டா, பயன் உண்டா என ஆராய்தல் வேண்டும். இவ்வாறு பல படிகளையும் கடந்து ஒரு மருந்து கடைக்கு வந்து சேரப் பத்து ஆண்டுகளுக்கு மேலும் ஆவதுண்டு. மருத்துவமனை வாயிலில் காத்திருக்கும் நோயாளியால் அத்துணைக் காலம் காத்திருக்க இயலாது.

இந்நிலையில் மருத்துவ உலகம் தன் பழைய மருந்துப் பெட்டியைத் திறந்து பார்த்தது. ஒரு நோய்க்கென உருவாக்கிய மருந்தை வேறொரு நோய்க்குப் பயன்படுத்துதலை மருந்து மறுபயன்பாடு என்பர். இதனால் விளையும் நன்மைகள் மூன்று. பழைய மருந்தை எவ்வளவு உட்கொள்ளலாம், அதனால் என்னென்ன பக்கவிளைவுகள் தோன்றும் என்பன முன்பே தெரியும். அதனைச் செய்யும் தொழிற்சாலைகள் ஏற்கெனவே உள்ளன. பெரும்பாலும் அதன் விலையும் குறைவு.

மறுபயன்பாடு மருத்துவத்துக்குப் புதிதன்று. வலியையும் காய்ச்சலையும் தணிக்கப் பயன்பட்ட ஆஸ்பிரின், பிற்காலத்தில் இரத்தம் உறைவதைக் குறைத்து மாரடைப்பைத் தடுக்கவும் உதவியது. 1964இல் புற்றுநோய்க்கென உருவாக்கப்பட்ட சிடோவுடின் என்னும் மருந்து, அந்நோய்க்குப் பயன்படாமல் ஒதுக்கி வைக்கப்பட்டது. அதே மருந்து 1987இல் எய்ட்ஸ் நோய்க்கான முதல் மருந்தாக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

நீலகிரி மரமும் ஒரு மாத்திரையும்

2020இல் முதலில் பெரிதும் பேசப்பட்ட பழைய மருந்து ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஆகும். இதன் வரலாற்றில் தமிழகத்துக்கும் தொடர்பு உண்டு. தென் அமெரிக்க மலைகளில் வளரும் சிங்கோனா மரத்தின் பட்டையில் குயினைன் என்னும் பொருள் உள்ளது. அது மலேரியாக் காய்ச்சலைத் தீர்க்கும். ஆங்கிலேயர் 1860களில் அம்மரத்தை நீலகிரியில் பயிரிட்டனர். நடுவட்டத்தில் குயினைன் தொழிற்சாலையும் இயங்கியது. பின்னர் 20ஆம் நூற்றாண்டில் குயினைனை ஒத்த அமைப்புடைய குளோரோகுயினும், அதிலிருந்து ஹைட்ராக்சிகுளோரோகுயினும் செயற்கையாக உருவாக்கப்பட்டன. மலேரியாவிற்கு மட்டுமன்றி, லூபஸ், முடக்குவாதம் ஆகிய நோய்களுக்கும் மருத்துவர்கள் இம்மாத்திரையைப் பல்லாண்டுகளாக வழங்கி வருகின்றனர்.

ஆய்வுக்கூடக் கண்ணாடித் தட்டில் வளர்க்கப்பட்ட உயிரணுக்களில் இம்மருந்து கொரோனாத் தீநுண்மியின் பெருக்கத்தைத் தடுத்தது. இச்செய்தி உலகெங்கும் நம்பிக்கையை விதைத்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமையகம் தில்லி அன்சாரி நகரில், எய்ம்ஸ் மருத்துவமனையை ஒட்டி அமைந்துள்ளது. அக்கழகம் அமைத்த தேசியப் பணிக்குழு 2020 மார்ச் மாதத்தில் ஓர் அறிவுரையை வெளியிட்டது. கொரோனா நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவப் பணியாளர்களும், நோயாளியின் வீட்டில் உடன் வாழ்வோரும் தற்காப்பாக இம்மாத்திரையை உட்கொள்ளலாம் என்பதே அவ்வறிவுரை.

அறிவுரை சிலருக்கு மட்டுமே உரியது. ஆயினும் அச்சமோ அனைவருக்கும் பொதுவாக இருந்தது. மக்கள் மருந்துக் கடைகளை நோக்கி விரைந்தனர். தேவையற்றோர் மாத்திரைகளை வாங்கிப் பதுக்கியதால், நாள்தோறும் அதனை உட்கொண்டு வந்த லூபஸ் நோயாளிகளும் முடக்குவாத நோயாளிகளும் கடை கடையாக அலைய நேர்ந்தது. அரசு அம்மருந்தின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. மருத்துவரின் சீட்டின்றி விற்கலாகாது என விதிகளையும் இறுக்கியது. ஏப்ரல் மாதத்தில் ஏற்றுமதிக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டபின் பல நாடுகள் இந்தியாவிலிருந்து அம்மாத்திரையைப் பெற்றன.

இத்துணைப் பரபரப்பிற்கும் இடையில் ஒரு வினாவிற்கு மட்டும் விடை கிடைக்கவில்லை. இம்மருந்து உண்மையிலேயே உயிரைக் காக்குமா?

குணமடைந்தவர் எதனால் குணமடைந்தார்?

மருந்து உட்கொண்டவர் குணமடைந்தால், அம்மருந்தே குணமாக்கியது என எண்ணுவது இயல்பு. ஆனால் அவ்வெண்ணம் தவறாகவும் இருக்கலாம். ஒரு நோய் கண்ட 100 பேரில் 95 பேர் எம்மருந்தும் இன்றித் தாமாகவே குணமடைவதாகக் கொள்க. அந்த 100 பேருக்கும் வெறும் சர்க்கரை நீரைக் கொடுத்தாலும் 95 பேர் குணமடைவர். அவர்களைக் கண்டோர் சர்க்கரை நீரைச் சிறந்த மருந்தெனப் போற்றுவர்.

ஆகவே ஒப்பீடு தேவைப்படுகிறது. நோயாளிகளை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவிற்கு மட்டும் மருந்தைத் தருதல் வேண்டும். இங்கும் ஓர் இடர் உண்டு. மருத்துவர் தம் விருப்பப்படி பிரித்தால், வலிமையுள்ள இளையோர் ஒரு குழுவிலும், தளர்ந்த முதியோர் மறு குழுவிலும் சேர்ந்துவிடக்கூடும். அதன்பின் காணப்படும் வேறுபாடு மருந்தால் விளைந்ததா, வயதால் விளைந்ததா எனக் கூற இயலாது. எனவே எவர் எக்குழுவில் சேர்வது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்கின்றனர். இளையோரும் முதியோரும், நோய் முற்றியோரும் முற்றாதோரும் இரு குழுக்களிலும் ஏறத்தாழச் சமமாக அமைவர். அப்போது குழுக்களிடையே தெளிவான வேறுபாடு தோன்றினால் அதற்கு மருந்தே காரணம் எனத் துணிந்து கூறலாம்.

இம்முறையின் வரலாற்றில் சென்னைக்குச் சிறப்பான இடம் உண்டு. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. அக்காலத்தில் காசநோயாளிகள் மலைப்பாங்கான இடங்களிலோ தனி மருத்துவமனைகளிலோ நெடுங்காலம் தங்கி, நல்லுணவும் ஓய்வும் பெற்றால்தான் குணமடைவர் என்ற நம்பிக்கை இருந்தது. ஏழை நாட்டில் அத்தனை பேருக்கும் படுக்கை ஏது? சென்னை மையம் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்தது. ஒரு குழுவினர் மருத்துவமனையில் தங்கி மருந்து உட்கொண்டனர். மறு குழுவினர் நெரிசல் மிக்க தம் வீடுகளிலேயே இருந்து அதே மருந்துகளை உட்கொண்டனர். ஓராண்டின் முடிவில் இரு குழுவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்திருந்தனர். 1959இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் காசநோய் மருத்துவத்தை மாற்றியது. பழக்கமும் நம்பிக்கையும் கூறியதை நியாயமான ஒப்பீடு திருத்தியது.

ஒப்பீடு வழங்கிய விடைகள்

2020இல் இதே முறையை உலகம் பேரளவில் கையாண்டது. உலகச் சுகாதார நிறுவனம் சாலிடாரிட்டி என்னும் ஆய்வைத் தொடங்கியது. ஒற்றுமை என்பது அச்சொல்லின் பொருள். இந்தியா உட்பட 30 நாடுகளைச் சேர்ந்த 405 மருத்துவமனைகளில் 11,000க்கும் மேற்பட்ட நோயாளிகள் அதில் பங்குகொண்டனர். நான்கு மருந்துகள் ஆராயப்பட்டன. அவை மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின், எபோலா நோய்க்குச் சோதிக்கப்பட்ட ரெம்டெசிவிர், எய்ட்ஸ் நோயாளிகளுக்கு வழங்கப்படும் லோபினாவிர்–ரிட்டோனாவிர் கூட்டு மருந்து, இன்டர்ஃபெரான் என்பன. 2020 அக்டோபர் மாதத்தில் இடைக்கால முடிவுகள் வெளிவந்தன. மருத்துவமனையில் சேர்ந்த நோயாளிகளின் இறப்பை அந்நான்கனுள் எதுவும் தெளிவாகக் குறைக்கவில்லை.

பிரிட்டனில் நடைபெற்ற ரெக்கவரி என்னும் ஆய்வும் ஹைட்ராக்சிகுளோரோகுயினைச் சோதித்தது. மருந்து பெற்றோரில் 100க்கு 27 பேரும், பெறாதோரில் 100க்கு 25 பேரும் 28 நாட்களுக்குள் உயிரிழந்தனர். மருந்து பயன் தரவில்லை என்பது உறுதியாயிற்று. அதன் காரணத்தையும் பின்னர் அறிஞர்கள் கண்டனர். முதலில் சோதனைக்குப் பயன்பட்டவை குரங்கின் சிறுநீரக உயிரணுக்கள். மனித நுரையீரல் உயிரணுக்களில் தீநுண்மி வேறொரு வழியாக உள்ளே நுழைகிறது. அவ்வழியை இம்மருந்தால் அடைக்க இயலாது. கண்ணாடித் தட்டில் கண்ட வெற்றி மனித உடலில் கிட்டாமற் போனது இதனால்தான்.

அதே ரெக்கவரி ஆய்வு 2020 ஜூன் 16இல் நற்செய்தி ஒன்றையும் வழங்கியது. டெக்சாமெத்தசோன் என்பது 1950களில் உருவாக்கப்பட்ட ஸ்டீராய்டு மருந்து; ஒவ்வாமை, ஆஸ்துமா, மூட்டழற்சி முதலியவற்றுக்கு மிகக் குறைந்த விலையில் கிடைத்து வந்தது. குலுக்கல் முறையில் 2,104 பேர் இம்மருந்தைப் பெற்றனர். 4,321 பேர் வழக்கமான சிகிச்சையை மட்டும் பெற்றனர். செயற்கைச் சுவாசக் கருவியின் துணையோடு இருந்தவர்களுள் மருந்து பெறாதோரில் 100க்கு 41 பேர் உயிரிழந்தனர். மருந்து பெற்றோரில் 29 பேர் உயிரிழந்தனர். ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டோரில் அந்த எண்ணிக்கை 26இலிருந்து 23ஆகக் குறைந்தது.

ஆக்சிஜன் தேவைப்படாத நோயாளிகளுக்கோ இம்மருந்தால் நன்மை ஏதும் விளையவில்லை. மருந்து பெறாதோரில் 100க்கு 14 பேரும், பெற்றோரில் 18 பேரும் உயிரிழந்தனர். இவ்வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும் இது ஓர் எச்சரிக்கை. நோயின் தொடக்கத்தில் உடலின் எதிர்ப்பாற்றல் தீநுண்மியோடு போராடுகிறது. நோய் முற்றியபின் அதே ஆற்றல் அளவு கடந்து பொங்கித் தன் நுரையீரலையே புண்ணாக்குகிறது. டெக்சாமெத்தசோன் தீநுண்மியைக் கொல்வதில்லை. பொங்கிய எதிர்ப்பாற்றலையே அடக்குகிறது. காவலரே வீட்டை இடிக்கத் தொடங்கும்போது அவர்களைத் தடுப்பது அறிவுடைமை. கள்வன் வாயிலில் நிற்கும்போது காவலரைக் கட்டிப்போடுவது பேதைமை.

இந்தியச் சுகாதார அமைச்சகம் 2020 ஜூன் 27ஆம் நாள் தன் சிகிச்சை நெறிமுறையில் டெக்சாமெத்தசோனைச் சேர்த்தது. எளிய மாவட்ட மருத்துவமனையிலும் கிடைக்கும் பழைய மருந்து ஒன்று, உயிர்காக்கும் மருந்தெனச் சான்றோடு மெய்ப்பிக்கப்பட்டது.

தெரிந்து தெளிவோம்

தாலிடோமைடு என்னும் மருந்து 1950களின் இறுதியில் கருவுற்ற பெண்களின் குமட்டலைப் போக்க விற்கப்பட்டது. அதனால் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறைபாட்டுடன் பிறந்தனர். 1961இல் அம்மருந்து திரும்பப் பெறப்பட்டது. பின்னர் தொழுநோயின் கடுமையான ஒரு விளைவைத் தணிக்கவும், ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கும் அது பயன்படுவது தெரியவந்தது. இன்று அது மிகக் கடுமையான கட்டுப்பாட்டின்கீழ் வழங்கப்படுகிறது. ஒரு மருந்தை நல்லது, தீயது எனப் பொதுவாகக் கூறுவதைவிட, யாருக்கு, எந்நோய்க்கு, எவ்வளவு என்று கேட்பதே முறை.

தில்லியின் குருதிக்கொடை

பெருந்தொற்றின்போது தில்லி மக்கள் மிகுதியும் நம்பிய மற்றொரு சிகிச்சை பிளாஸ்மா சிகிச்சை. நோயிலிருந்து மீண்டவரின் இரத்தத்தில் அந்நோயை எதிர்க்கும் பொருள்கள் இருக்கும். இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியான பிளாஸ்மாவைப் பிரித்தெடுத்து வேறொரு நோயாளிக்கு ஏற்றினால் அவரும் நலம்பெறுவார் என்பது இதன் அடிப்படை. 1918ஆம் ஆண்டின் நச்சுக்காய்ச்சல் காலத்திலும் இம்முறை கையாளப்பட்டது. இதுவும் பழைய மருத்துவம் ஒன்றின் மறுபயன்பாடே ஆகும்.

2020 ஜூலை 2ஆம் நாள் தில்லி வசந்த் குஞ்சிலுள்ள கல்லீரல் மற்றும் பித்தநீர் அறிவியல் கழகத்தில் பிளாஸ்மா வங்கி திறக்கப்பட்டது. நோயிலிருந்து மீண்ட பலர், முன்பின் அறியாத ஒருவர் பிழைக்க வேண்டும் என்னும் எண்ணத்தோடு அங்கு வந்து கொடையளித்தனர்.

அதே காலத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இச்சிகிச்சையை முறைப்படி ஆராய்ந்தது. 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை நாட்டின் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர். நோய் முற்றியோர் அல்லது உயிரிழந்தோர் பிளாஸ்மா பெற்ற குழுவில் 100க்கு 19 பேர். பெறாத குழுவில் 18 பேர். அதாவது பிளாஸ்மாவால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை. மருத்துவ இதழில் 2020 அக்டோபரில் வெளியான இம்முடிவு, இந்திய மருத்துவமனைகள் உலகுக்கு வழங்கிய மதிப்புமிக்க சான்றாகும்.

எனினும் நம்பிக்கை எளிதில் விலகுவதில்லை. 2021 ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாம் அலை தில்லியைத் தாக்கியது. படுக்கைகள் நிரம்பின, ஆக்சிஜன் உருளைகளுக்காக மக்கள் வரிசையில் நின்றனர். அந்நாட்களில் நோயாளிகளின் உறவினர் பிளாஸ்மாக் கொடையாளரைத் தேடி இரவு பகலாக அலைந்தனர். ரெம்டெசிவிர் குப்பிகளைக் கள்ளச்சந்தையில் பன்மடங்கு விலை கொடுத்து வாங்கினர். தந்தையையோ தாயையோ காக்கத் துடித்த அவர்களைக் குறைகூறுதல் தகாது. ஆயினும் அவர்களுடைய பொழுதும் பொருளும், இறப்பைக் குறைப்பதாகச் சான்று தராத சிகிச்சைகளைத் தேடுவதில் கரைந்தன என்பது வருந்தத்தக்க உண்மை. 2021 மே 17ஆம் நாள் பிளாஸ்மா சிகிச்சை தேசிய நெறிமுறையிலிருந்து நீக்கப்பட்டது.

திமார்பூர் ஆய்வுக்கூடமும் விடை பெறாத வினாவும்

பிளாஸ்மா நீக்கப்பட்ட அதே மே 17ஆம் நாளில் தில்லியில் வேறொரு மருந்து அறிமுகமானது. அதன் பெயர் 2-டிஜி. வடதில்லித் திமார்பூரில் பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பின் ஆய்வுக்கூடம் ஒன்று உள்ளது. அங்குள்ள அறிஞர்கள், மூளைக்கட்டிக்குத் தரப்படும் கதிர்வீச்சுச் சிகிச்சைக்குத் துணையாக 2-டிஜியைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து வந்தனர். இது சர்க்கரையை ஒத்த பொருள். உயிரணு இதனைச் சர்க்கரை என எண்ணி உள்வாங்கும். ஆனால் இதிலிருந்து ஆற்றலைப் பெற இயலாது. தீநுண்மி புகுந்த உயிரணுக்களையும் இது இவ்வாறு தளரச் செய்யலாம் என அவர்கள் கருதினர்.

தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களின் 27 மருத்துவமனைகளில் 220 நோயாளிகளிடம் மூன்றாம் கட்ட ஆய்வு நடைபெற்றது. மூன்றாம் நாளில் ஆக்சிஜன் துணையிலிருந்து விடுபட்டோர் 2-டிஜி பெற்ற குழுவில் 100க்கு 42 பேர், பெறாத குழுவில் 31 பேர் என அரசு அறிவித்தது. 2021 மே 1ஆம் நாள் அவசரகால ஒப்புதல் வழங்கப்பட்டது. ஆயினும் முழுமையான ஆய்வுக் கட்டுரை அப்போது வெளிவந்திருக்கவில்லை. அறிஞர் பலர் அதனைச் சுட்டிக்காட்டினர். உயிரிழப்பை இம்மருந்து குறைக்குமா என்னும் வினாவிற்கு விடை கூற 220 பேர் போதார். ரெக்கவரி ஆய்வு 6,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டிருந்ததால்தான் டெக்சாமெத்தசோனின் பயனைத் தெளிவாகக் காட்ட முடிந்தது. நம்பிக்கையூட்டும் தொடக்கம் வேறு. உறுதியான முடிவு வேறு.

நன்மருந்தும் அளவும்

சான்று பெற்ற மருந்தும் தவறாகப் பயன்பட்டால் தீங்கு செய்யும். இரண்டாம் அலையில் ஆக்சிஜன் தேவைப்படாதோர் பலரும் வீட்டிலிருந்தவாறே ஸ்டீராய்டு மாத்திரைகளை உட்கொண்டனர். சிலர் அளவுக்கு மிகுதியாகவும், சிலர் நெடுநாளும் உட்கொண்டனர். ஸ்டீராய்டு இரத்தத்தில் சர்க்கரையை உயர்த்தும், எதிர்ப்பாற்றலைத் தாழ்த்தும். நீரிழிவு மிகுந்த நம் நாட்டில் இவ்விரண்டும் சேர்ந்தபோது, கறுப்புப் பூஞ்சை எனப்பட்ட மியூகார்மைகோசிஸ் நோய் பரவலாயிற்று. 2021 ஜூன் இறுதிக்குள் நாட்டில் 40,000க்கும் மேற்பட்டோர் அந்நோய்க்கு ஆளாயினர். பலர் கண்ணை இழந்தனர். பலர் உயிரையே இழந்தனர். ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்த அதே வகை மருந்து, உரிய நேரமும் அளவும் தவறியபோது கேடு விளைவித்தது.

பழைய மருந்தை நாடுவதில் தவறில்லை; பெருந்தொற்றுக் காலத்தில் அதுவே விரைவான வழி. ஆனால் ஒரு மருந்து பழக்கமானது என்பதாலேயே புதிய நோய்க்கும் பயன்படும் என்று கொள்ளலாகாது. அது பாதுகாப்பானதா என்பது ஒரு வினா. இந்நோயில் பயன் தருமா என்பது வேறொரு வினா. இரண்டாம் வினாவிற்கு நியாயமான ஒப்பீடே விடை தரும். அவ்விடை பிறக்க, நோயுற்ற நிலையிலும் குலுக்கலுக்கு உடன்பட்ட பல்லாயிரம் நோயாளிகள் காரணமாயினர். தமக்கு மருந்து கிடைக்குமா எனத் தெரியாமலேயே, பின்வருவோர் பிழைக்கட்டும் என்று அவர்கள் கையெழுத்திட்டனர். இன்று டெக்சாமெத்தசோனால் உயிர்பிழைக்கும் ஒவ்வொருவரும் அவர்களுக்கும் கடன்பட்டவரே.

சொல்லும் பொருளும்

பெருந்தொற்று – பல நாடுகளில் ஒரே காலத்தில் பரவும் தொற்றுநோய்
தீநுண்மி – வைரஸ்
மறுபயன்பாடு – ஒன்றற்கு உரியதை மற்றொன்றற்குப் பயன்படுத்துதல்
எதிர்ப்பாற்றல் – நோயை எதிர்க்கும் உடலின் ஆற்றல்
அழற்சி – உடலுறுப்பு சிவந்து வீங்கி வலித்தல்
தற்செயல் – காரணமின்றித் தானே நிகழ்வது
பேதைமை – அறியாமை
நெறிமுறை – பின்பற்ற வேண்டிய ஒழுங்குமுறை

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. குயினைன் ______ மரத்தின் பட்டையிலிருந்து கிடைக்கிறது.
(தேக்கு / சிங்கோனா / வேம்பு)

2. டெக்சாமெத்தசோன் ______.
(தீநுண்மியைக் கொல்கிறது / அளவு கடந்த எதிர்ப்பாற்றலை அடக்குகிறது / ஆக்சிஜனைத் தருகிறது)

3. தில்லியில் பிளாஸ்மா வங்கி திறக்கப்பட்ட இடம் ______.
(அன்சாரி நகர் / திமார்பூர் / வசந்த் குஞ்ச்)

ஆ. பொருத்துக.

1. சிடோவுடின் – மூளைக்கட்டி ஆய்வு
2. ஆஸ்பிரின் – மலேரியா
3. ஹைட்ராக்சிகுளோரோகுயின் – எய்ட்ஸ்
4. 2-டிஜி – மாரடைப்பைத் தடுத்தல்

இ. பிரித்து எழுதுக.

1. பெருந்தொற்று
2. மருந்தில்லா
3. இப்பாடம்
4. நற்செய்தி

ஈ. குறுவினா

1. மருந்து மறுபயன்பாட்டின் மூன்று நன்மைகள் யாவை?
2. லூபஸ் நோயாளிகள் 2020இல் இன்னலுற்றது ஏன்?
3. ஹைட்ராக்சிகுளோரோகுயின் கண்ணாடித் தட்டில் பயன் தந்தும் மனித உடலில் பயன் தராமைக்குக் காரணம் என்ன?

உ. சிறுவினா

1. குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரிப்பதன் தேவையை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. சென்னை காசநோய் மையத்தின் ஆய்வு எந்த நம்பிக்கையைத் திருத்தியது?
3. “கள்வன் வாயிலில் நிற்கும்போது காவலரைக் கட்டிப்போடுவது பேதைமை.” இவ்வரி எம்மருந்தைப் பற்றியது? இதன் கருத்து யாது?

ஊ. நெடுவினா

‘பழக்கமான மருந்து’, ‘பயன் தரும் மருந்து’ ஆகிய இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைப் பாடத்தில் வரும் மூன்று மருந்துகளைக் கொண்டு கட்டுரையாக எழுதுக.

எ. எண்ணிப் பார்த்து எழுதுக.

ஓர் ஊரில் காய்ச்சல் கண்ட 40 பேர் ஒரு கஷாயத்தைக் குடித்தனர். 38 பேர் ஒரு வாரத்தில் குணமடைந்தனர். கஷாயமே குணமாக்கியது என ஊரார் கூறுகின்றனர். அக்கூற்றை ஏற்கும் முன் நீவிர் கேட்கும் இரண்டு வினாக்களை எழுதுக.

கற்பவை கற்றபின்

1. பெருந்தொற்றுக் காலத்தில் தம் வீட்டில் நிகழ்ந்தவற்றைத் தாத்தா, பாட்டி, பெற்றோர் ஆகியோரிடம் தமிழில் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக. ஊரிலுள்ள உறவினரிடம் தொலைபேசியிலும் கேட்கலாம்.
2. திருக்குறளில் ‘மருந்து’ என்னும் 95ஆம் அதிகாரத்தை ஆசிரியர் துணையுடன் படித்து, இப்பாடத்தோடு பொருந்தும் கருத்து ஒன்றை வகுப்பில் எடுத்துரைக்க.